அம்மாவின் மூக்குத்தி

கைத்தொழில் பற்றிய இப்பகுதியில் இவ்வாரம் ஒரு குடும்பக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருளுக. கதையைத் தள்ளிவிட்டுத் தொழிலை மட்டும் சொல்லலாமே என்று முயன்று பார்த்தேன், இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பது இறுதியில் விளங்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் தங்கையின் மகள் கைத்தொலைபேசியை நீட்டியபடி வீட்டுக்கு ஓடி வந்தாள். "மாமா, அம்மம்மாவின் படம் கிடைத்துவிட்டது!" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் என்று ஒன்று இல்லாமற் போய் இருபது ஆண்டுகளாகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி தம்பிலுவிற் கரையேறிய கடல் எங்கள் அலுமாரியைக் கொண்டுபோனபோது, அதனுள் இருந்த படத் தொகுப்பையும் கொண்டுபோயிற்று. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. அம்பாறை மாவட்டக் கரையிற் பல்லாயிரம் பேர் மாண்ட நாளில், போன படங்களை எண்ணி வருந்துவது நியாயமன்று என்று அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

இப்போது கிடைத்தது மட்டக்களப்பிலுள்ள உறவினர் ஒருவர் வீட்டுச் சுவரிலே தொங்கிய கலியாணப் படம். மூன்று வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். நடு வரிசையின் ஓரத்தில் அம்மா. முகம் பெருவிரல் நகத்தளவுதான் இருக்கும். கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து ஆங்காங்கே கறை படிந்திருந்தது. அதைத்தான் மருமகள் தொலைபேசியிற் பிடித்து வந்திருந்தாள்.

ஆவணியில் அம்மாவின் இருபத்தைந்தாம் ஆண்டுத் திவசம். அன்று குடும்பத்தின் பதினெட்டு வீடுகளுக்கும் ஒவ்வொரு படம் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பெரிதாக்கிப் பார்த்தோம். முகம் மங்கி, மூடுபனிக்குள் நிற்பது போலத் தெரிந்தது. "இதைச் சட்டம் போட்டு மாட்டுவதிற் பயனில்லை. லினோவிற் செதுக்கினால் அழகாக வரும்" என்றேன். மங்கிய படத்துக்கு லினோ நல்ல மருந்து. அதிலே சாம்பல் நிறம் இல்லை. கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, அவ்வளவே. தெளிவில்லாத படத்தை வைத்துக்கொண்டு தெளிவாக ஒரு முடிவு செய்யும்படி அது நம்மைக் கட்டாயப்படுத்தும்.

"செதுக்கலாம் மாமா. ஆனால் உளியால் அல்ல, லேசரால்" என்றாள் மருமகள். உயர்தர வகுப்பிற் சித்திரம் படிக்கிறவள். உலகத்தில் எங்கெங்கோ மாணவர்கள் அவ்வாறு செய்வதைக் கண்டிருக்கிறாள். முப்பது ஆண்டு காலம் பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுத்து, "மற்றக் கையைக் கத்திக்கு முன்னே வையாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவன் நான். எனக்கு அது உவப்பாக இருக்கவில்லை என்பதை ஒளிக்கப்போவதில்லை. ஆயினும் இசைந்தேன்.

முதலில் லினோ என்பது யாது என்று அறியாத இளையோருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்திலே பிரெடரிக் வால்ற்றன் என்பவர் பழைய வர்ணத் தகரத்தின் மேலே ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு உறைந்து, இறப்பர் போன்ற ஆடையாகப் படிந்திருப்பதைக் கண்டார் என்பர். அந்த எண்ணெயைக் காற்றிலே உறைய வைத்து, குங்கிலியமும் தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணியின் மேற் பரப்பி அழுத்தி, நிலத்தில் விரிக்கும் விரிப்பொன்றைச் செய்தார். 1863ஆம் ஆண்டு அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆளியை இலத்தீன் மொழியில் லினும் என்றும், எண்ணெயை ஓலியும் என்றும் கூறுவர். இரண்டும் கூடி லினோலியம் ஆயிற்று.

காலால் மிதிக்கப் பிறந்த அப்பொருள் சித்திரக்காரர் கைக்கு வந்தது பின்னர். மரத்திலே உளி செல்லும்போது நரம்பு குறுக்கிடும். லினோவுக்கு நரம்பு இல்லை, எத்திசையிலும் வெட்டலாம். வியன்னா நகரில் 1897ஆம் ஆண்டு சிறுவர்க்கென்று சித்திர வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், லினோவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். பிள்ளைகளின் பொருள் என்று இகழ்ந்தோரும் இருந்தனர். ஆனால் உலகப் புகழ் பெற்ற பிக்காசோ, எழுபது வயதைக் கடந்த பின்னர் 1950களின் பிற்பகுதியில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள வல்லோரி என்னும் ஊரில் அர்னேரா என்ற அச்சாளரோடு சேர்ந்து ஏராளமான லினோ அச்சுக்களை உருவாக்கினார். ஒரே பலகையைச் சிறிது செதுக்கி ஒரு நிறம் அச்சிடுவது, மேலும் செதுக்கி அடுத்த நிறம் அச்சிடுவது என்ற முறையை அவர் மிகத் திறமையாகக் கையாண்டார். பலகை அழிய அழியப் படம் வளரும்!

நம் பக்கத்து நாட்டுக்கு வருவோம். காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தை நினைவுகூர்ந்து சாந்திநிகேதனத்து நந்தலால் போசு 1930ஆம் ஆண்டிற் செய்த லினோ அச்சை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். கரிய பின்னணியிலே சில வெண்கோடுகள். தடியூன்றி நடக்கும் ஒரு கிழவர். கோடுகளை எண்ணிவிடலாம். ஆயினும் அந்த நடையின் உறுதி முழுதும் அதிலே இருக்கிறது. எவ்வளவு விட்டுவிட்டார் என்பதிலேதான் அவருடைய திறமை தங்கியிருக்கிறது. இதை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி லேசர். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தியோடர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். அது மாணிக்கத்தைக் கொண்டு செய்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1964இல், பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய குமார் பட்டேல், கரியமில வாயுவைக் கொண்டு லேசர் ஒளியைப் பிறப்பித்தார். இவர் மகாராட்டிரத்திலுள்ள பாராமதி என்னும் ஊரிற் பிறந்தவர். மரத்தையும் தோலையும் இறப்பரையும் வெட்டவும் பொறிக்கவும் கடைகளிற் பயன்படும் இயந்திரங்கள் பல இன்றும் அவர் கண்ட வழியிலேயே இயங்குகின்றன. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. வில்லையினூடாக ஒரு புள்ளியிற் குவியும்போது, அவ்விடத்திலுள்ள பொருளை எரித்து ஆவியாக்கிவிடும். கணனி சொல்கிறபடி அப்புள்ளி இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடி, வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் தோண்டிச் செல்லும். சுருங்கச் சொன்னால், உளியின் வேலையைச் சூடு செய்கிறது.

எங்கள் ஊரில் அவ்வியந்திரம் இல்லை. ஆனால் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையே கடைத்தெருவில் நடந்தால், காரியாலயங்களுக்கு இறப்பர் முத்திரை செய்து கொடுக்கும் கடைகளைக் காணலாம். முன்னாளில் எழுத்தை அடுக்கி அச்செடுத்து இறப்பரைச் சூட்டில் வார்த்தார்கள். இக்காலத்தில் லேசர் பொறிக்கிறது. முத்திரை என்பதும் லினோ அச்சின் தம்பிதானே? மேடாக நிற்பது மை எடுக்கும். பள்ளம் வெள்ளையாக விடும். அப்படிப்பட்ட கடை ஒன்றுக்கு இருவரும் போனோம்.

மருமகள் கையோடு ஒரு துண்டு விரிப்பையும் கொண்டு வந்திருந்தாள். வீட்டு நிலத்துக்கு வாங்கியதில் மிஞ்சியது. கடைக்கார நானா அதை வாங்கி வளைத்துப் பார்த்தார்; முகர்ந்தார்; தலையை ஆட்டினார். "இதை என் மெசினுக்குள் வைக்க மாட்டேன், சேர்" என்றார்.

பிறகு ஒரு பரீட்சை செய்து காட்டினார். கடைக்கு வெளியே, காற்று வீசும் இடத்தில், ஒரு செம்புக் கம்பியின் நுனியைச் சுவாலையிற் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினார். அதனால் விரிப்பின் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் சுவாலையிற் பிடித்தார். சுவாலை பச்சையாக எரிந்தது. குளோரின் உள்ள பொருளுக்கு அதுவே அடையாளம். நாம் இப்போது லினோலியம் என்று சொல்லி வாங்கும் நில விரிப்புக்களிற் பெரும்பாலானவை லினோலியம் அல்ல; பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக். லேசர் பட்டால் அதிலிருந்து ஐதரசன் குளோரைட்டு என்னும் நச்சுவாயு கிளம்பும். நுரையீரலைப் புண்ணாக்கும், இயந்திரத்தின் இரும்பையும் வில்லையையும் அரித்துவிடும். மாணவர்கள் இதை நன்றாகக் குறித்துக் கொள்ள வேண்டும். சித்திர வேலைக்கென்று விற்கும் உண்மையான லினோவின் பின்புறத்திற் சணல் துணி தெரியும்; ஆளி எண்ணெயின் வாசம் வீசும். அதையே வாங்க வேண்டும். நாங்கள் கொழும்பிலிருந்து தருவித்தோம். கனம் 3.2 மில்லிமீற்றர்.

லினோ வந்து சேர்ந்தது. படத்தைத் தயார் செய்யும் பொறுப்பை மருமகளிடமே விட்டேன். புகைப்படத்திலே கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிற் பல சாம்பல் நிறங்கள் உள்ளன. லினோவுக்கோ இரண்டுதான். ஆகவே சாம்பலைப் புள்ளிகளாக மாற்ற வேண்டும். இது புதிய தந்திரமன்று. 1880ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வெளிவந்த ஒரு நாளிதழிலேயே புகைப்படம் ஹாப்டோன் முறையில் அச்சாகியிருக்கிறது. பழைய பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் பெரிய புள்ளி, சிறிய புள்ளியாகத் தெரியுமே, அதுதான். கணனியிற் புள்ளிகளைச் சிதறவிடும் வேறொரு முறையும் உண்டு. ஒரு புள்ளியைக் கறுப்பாக்கியதால் நேர்ந்த பிழையை அயலிலுள்ள புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. புளொயிட், ஸ்டைன்பேர்க் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட முறை. மருமகள் இதைத்தான் பயன்படுத்தினாள்.

பலகை ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து மை பூசி அச்செடுத்தோம். தாளைத் தூக்கினோம். மணலிலே ஒரு முகம் வரைந்து, அதன் மேற் காற்று அடித்தது போல இருந்தது. புள்ளிகள் மிகவும் நுண்மையாக இருந்தபடியால், கழுவும்போதே பாதி உதிர்ந்துவிட்டன. மீதிப் புள்ளிகளுக்கிடையில் மை நிரம்பி அடைத்துக்கொண்டது.

அந்நேரம் என் தங்கை வந்தாள். தாளைக் கையில் எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இது அம்மா இல்லை" என்றாள்.

"ஏன் அம்மா, அதே படந்தானே?" என்றாள் மகள்.

"அம்மாவின் மூக்குத்தி வலப்பக்கம். இதில் இடப்பக்கம் இருக்கிறதே."

எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அச்சுப் பலகையில் உருவம் இடம் வலமாகப் புரண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். மருமகள் இதை மறக்கவில்லை. வீட்டிலேயே படத்தைப் புரட்டிவிட்டாள். முத்திரைக் கடை இயந்திரமோ முத்திரைகளுக்குச் செய்வது போலத் தானும் ஒருமுறை புரட்டியது. இருமுறை புரண்டது பழையபடி நேராயிற்று! நாங்கள் நானாவிடம் சொல்லவில்லை, பிழை எங்களுடையதே. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கணனியிற் கறுப்பாகத் தெரியும் இடத்தையே இயந்திரம் தோண்டுவது வழக்கம். நமக்கோ வெள்ளை இடம் தோண்டப்பட வேண்டும். ஆகவே இடம் வலம் ஒரு புரட்டல், கறுப்பு வெள்ளை ஒரு புரட்டல். இரண்டையும் யார் செய்வது என்று முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

நிற்க. அந்தத் தாளை மீண்டும் பார்த்த மருமகள் கேட்டாள்: "அம்மம்மாவுக்குக் கன்னத்தில் மறு இருந்ததா?"

"இல்லையே. அது கண்ணாடிக்குள் ஈரம் பட்ட கறை" என்றேன்.

"அப்படியானால் புருவத்துக்கு மேலே இருக்கிற இந்தக் கீறலும் கறைதானே? அழித்துவிடவா?"

"அழித்துவிடு" என்றேன்.

"அழிக்காதே!" என்றாள் தங்கை. "அது கறை இல்லை, தழும்பு. சின்ன வயதில் நெல் குற்றும்போது உலக்கை நழுவிப் பட்டது. எண்ணெய் வைக்கும்போது அம்மா என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்துக் காட்டுவா. அண்ணனுக்கு ஞாபகமில்லையா?"

எனக்கு ஞாபகமில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மகன், தாயின் நெற்றித் தழும்பைக் கறை என்று சொல்லி அழிக்க இருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நேயர்களே, இக்கதையை நான் சொல்ல விரும்பிய காரணம் இதுவே. கறைக்கும் தழும்புக்கும் உள்ள வேற்றுமையை இயந்திரம் அறியாது. அதற்கு இரண்டும் ஒரேயளவு கருமையுள்ள புள்ளிகள். அம்மம்மாவைக் காணாத பேத்தியும் அறியாள். அறிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களுள் ஒருவன் மறந்தும்விட்டான். முகத்தை அறிந்தவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகே இருத்திக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

மறுநாள் மூவரும் கணனியின் முன்னே அமர்ந்தோம். புள்ளி முறையைக் கைவிட்டோம். தங்கை சொல்லச் சொல்ல, மருமகள் மங்கிய படத்தின் மேலே கறுப்பையும் வெள்ளையையும் தீர்மானித்து வரைந்தாள். கன்னத்துக் கறை போயிற்று. தழும்பு ஒரு சிறு வெண்கோடாக நின்றது. சேலைக் கரையைச் சில கோடுகளாற் காட்டினோம். பின்னால் நின்ற ஆட்களையெல்லாம் நீக்கி, பின்னணியைக் கறுப்பாகவே விட்டோம். நந்தலால் போசின் கிழவரை நான் நினைவூட்டினேன். கன்னத்தின் நிழலுக்கு மட்டும் புள்ளிகள் வேண்டும் என்று மருமகள் வாதாடினாள், சரி என்றோம். பத்திரிகைப் படத்தில் ஓர் அங்குலத்துக்கு 65 வரிசைப் புள்ளிகள் இருக்கலாம். லினோவில் அது நில்லாது. 25 வரிசை வைத்தோம், நின்றது.

இனி, இயந்திரத்தில் நாங்கள் கற்ற பாடங்களை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, எடுத்த எடுப்பிலே பலகையை வைக்கக் கூடாது. ஒரு சிறு துண்டிலே, வேகத்தையும் வலுவையும் மாற்றி மாற்றிச் சிறு சதுரங்களைப் பொறித்துப் பார்க்க வேண்டும். எது ஒரு மில்லிமீற்றர் அளவு ஆழம் தருகிறதோ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரேயடியாக ஆழமாகத் தோண்டினால் லினோ கருகும். மிதமாக இருமுறை தோண்டுவதே நலம்.

இரண்டாவது, மெல்லிய கோடுகள் சுவர் போலச் செங்குத்தாக நின்றால் உடைந்துவிடும். முத்திரை செய்யும் இயந்திரங்களில், கோட்டின் அடியை அகலமாகவும் தலையை ஒடுக்கமாகவும் சரிவாக விடும் ஏற்பாடு உண்டு. வயல் வரம்பு அடியில் அகன்று நிற்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தினோம்.

மூன்றாவது, பொறுமை. எங்கள் பலகை 15 சதமமீற்றர் அகலம், 20 சதமமீற்றர் உயரம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீற்றர் என்றால் 2,000 கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு விநாடி என்றாலே 33 நிமிடங்கள். திரும்பும் நேரம் வேறு. இருமுறை ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் சென்றது. முதற் சுற்று முடிந்தபோது அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. நானா இயந்திரத்தை முற்றாக நிறுத்திவிட்டே பள்ளிக்குப் போனார். "சூடு வேலை செய்யும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், சேர். நெருப்புக்கு வழி தெரியும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. புகையை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத அறையில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

நான்காவது, கண். கரியமில வாயு லேசரின் கதிரை இயந்திரத்தின் மூடி தடுக்கும். மூடியைத் திறந்து வைத்து வேலை செய்யலாகாது. இப்போது மலிவாக விற்கும் சிறிய நீல ஒளி லேசர்கள் வேறு வகை. அவற்றின் ஒளி சாதாரணக் கண்ணாடியினூடாகத் தாராளமாகச் செல்லும். அதற்கென்றே செய்த காப்புக் கண்ணாடி இன்றி அதை உற்று நோக்கினால் பார்வை கெடும். வீட்டிலே சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் இதை விளையாட்டாக எண்ண வேண்டாம்.

ஐந்தாவது, வெளியே எடுத்த பலகையின் மேல் பிசுபிசுப்பான கரி படிந்திருக்கும். மெல்லிய தூரிகையாற் சவர்க்கார நீர் தொட்டு இலேசாகக் கழுவி, நிழலிலே நன்றாக உலர்த்திய பின்னரே மை பூச வேண்டும்.

இத்தனையும் ஆன பின்னர்தான் என் பழைய உளிக்கு வேலை வந்தது. அகன்ற வெள்ளை இடங்களிலே ஒரு மில்லிமீற்றர் ஆழம் போதாது. மை உருளை நடுவிலே தாழ்ந்து அடியைத் தொட்டுவிடும். ஆகவே சேலையின் வெண்மையான பகுதிகளை அகன்ற உளியால் மேலும் ஆழமாக்கினேன். பலகையை ஐந்து நிமிடம் வெயிலில் வைத்து எடுத்தால் லினோ இளகி, வெண்ணெய் போல வெட்டுப்படும். புருவத்துத் தழும்பை இயந்திரத்துக்கு விடவில்லை. அதை மருமகளே தன் கையால் ஒரே கீறலில் வெட்டினாள். மற்றக் கையைக் கத்திக்கு முன்னே வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன்!

அச்சு இயந்திரம் எங்களிடம் இல்லை. கண்ணாடித் துண்டொன்றின் மேல் மையைப் பரப்பி, உருளையால் மெல்லியதாகப் பூசினோம். தாளைக் கிடத்தி, அதன் முதுகைத் தேங்காய்ச் சிரட்டை அகப்பையின் குவிந்த பக்கத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். யப்பானியர் மூங்கில் மடல் சுற்றிய தட்டு ஒன்றை இதற்கு வைத்திருக்கிறார்கள்; நமக்குச் சிரட்டை இருக்கிறது. அம்மா சோறு பரிமாறியதும் சிரட்டை அகப்பையால்தான் என்று தங்கை சொன்னாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

தாளைத் தூக்கினோம். மூக்குத்தி வலப்பக்கம் இருந்தது.

இனி, என் பழைய மனக்குறைக்கு வருகிறேன். இயந்திரம் செதுக்கினால் கைத்தொழில் அழியாதா? உளி பிடிக்கும் பழக்கம் பிள்ளைகளின் கையை விட்டுப் போகாதா? இக்கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. மருதமுனையின் கைத்தறியை அறிந்தவர்கள், விசைத்தறி வந்தபின் நெசவாளர் பட்ட பாட்டையும் அறிவார்கள். கையால் வெட்டும் பிள்ளை, ஒவ்வொரு கோட்டுக்கும் விலை கொடுக்கிறது. வியர்வை, நேரம், சில வேளை விரலில் ஒரு காயம். விலை கொடுப்பதனால் வீண் கோடு போட அஞ்சுகிறது. அந்த அச்சமே சித்திரத்தின் முதற் பாடம். லேசருக்கோ பத்துக் கோடும் பத்தாயிரம் கோடும் ஒன்றுதான். எங்கள் முதற் பலகை மணலாகப் போனதற்குக் காரணம் அதுவே. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியதனால், எதையும் தெரிந்தெடுக்காமல் விட்டோம்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. உளியைக் கொண்டு நான் மட்டும் தனியே செதுக்கியிருந்தால், அந்தத் தழும்பைக் கறை என்றே எண்ணி விட்டிருப்பேன். முதற் பலகை பிழைத்ததும், இரண்டாம் பலகையை எளிதிற் செய்யக் கூடியதாக இருந்ததும், மூவரும் கூடி அமர்ந்து பேச வழி செய்தன. என் கண்ணும் இப்போது முன்போல் இல்லை; மயிரிழைக் கோடுகளை என் கை வெட்டாது. மருமகளுக்கோ இன்னும் பழக்கம் போதாது. இருவருடைய குறையையும் இயந்திரம் நிரப்பிற்று. எதை வைப்பது, எதை விடுவது என்ற பொறுப்பை மட்டும் அதனிடம் கொடுத்துவிடக் கூடாது.

ஆதலால் மாணவர்களுக்கு என் ஆலோசனை இது. முதலில் ஒரு சிறிய பலகையையாவது முழுவதும் உளியால் வெட்டிப் பழகுங்கள். ஒரு கோட்டின் விலை தெரிந்த பின்னர் லேசரிடம் போங்கள். அப்போது அது உங்களுக்கு வேலைக்காரனாக இருக்கும்; தெரியாமற் போனால் எசமானனாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். படத்திலுள்ளவர்களின் பெயரையும், எது மறு, எது தழும்பு, எது கறை என்பதையும் அறிந்த முதியவர்கள் இன்னும் திண்ணையில் இருப்பார்கள். அவர்களோடு பிள்ளைகளை ஒரு மாலைப்பொழுது இருத்துங்கள். லினோவும் லேசரும் பிறகு வாங்கலாம்; அவை கடையில் இருக்கும்.

ஆவணித் திவசத்தன்று பதினெட்டுப் படங்களும் பதினெட்டு வீடுகளுக்குப் போயின. பத்தொன்பதாவது ஒன்றையும் அடித்து வைத்திருந்தோம். அதை மருமகள் முத்திரைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானா அதை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, "புருவத்தில் கோடு ஒன்று இருக்கிறதே, என் மெசின் செய்த பிழையா, மகள்?" என்று கேட்டாராம்.

"இல்லை நானா, அது அம்மம்மாவின் தழும்பு" என்று சொல்லி, உலக்கை நழுவிய கதையைத் தொடக்கத்திலிருந்து அவருக்குச் சொன்னாளாம், கண்ணாற் கண்டவளைப் போல.